தக்கை விற்ற தகடு

என் பெரியப்பா குண்டு துளைக்காத தகடு விற்கிறவர். அதற்கு முன் பிளாஸ்டிக் தண்ணீர்த் தொட்டி விற்றார். ஒன்றிலிருந்து மற்றொன்றுக்கு வந்ததில் அவருக்குள் எந்த மாற்றமும் நடக்கவில்லை. அவரைப் பற்றிச் சொல்ல வேண்டிய முதல் விஷயம் அதுதான்.

தொட்டி விற்ற காலத்தில் கடை வாசலில் ஒரு தொட்டியைக் கவிழ்த்துப் போட்டு, செருப்போடு அதன்மேல் ஏறிக் குதிப்பார். "என்னையே தாங்குது, தண்ணியத் தாங்காதா?" என்பார். கூட்டம் சிரிக்கும், வாங்கும். தண்ணீர் குதிப்பதில்லை. தொட்டி மாடியில் வெயில் காய்ந்து, வெடிப்பு விட்டு, ஒரு நாள் சத்தமில்லாமல் ஒழுகும். அதைச் சொல்ல ஆட்கள் திரும்பி வரும்போது பெரியப்பா வேறொரு கடை வாசலில் குதித்துக்கொண்டிருப்பார்.

தகட்டுத் தொழிற்சாலையில் விற்பனைக்குச் சேர்ந்ததும் குதிப்பதை விட்டார், வாளியைப் பிடித்தார். எங்கே போனாலும் ஒரு வாளித் தண்ணீர் கேட்பார். தகட்டை இரண்டு கையாலும் ஏந்தி, பச்சைக் குழந்தையைக் குளிப்பாட்டுகிற பாவனையில் அதில் விடுவார். அது மிதக்கும். "பாத்தீங்களா? இரும்பு பிளேட் போட்டவன் ஆத்துல விழுந்தா அதோட கதை முடிஞ்சது. நம்ம பிளேட் போட்டவன் எந்திரிச்சு வந்து நியாயம் கேப்பான்." எதிரே உட்கார்ந்திருப்பவர்கள் வங்கிக் காவலர்கள், கிடங்குக் காவலர்கள், பணவண்டிக்காரர்கள். ஆற்றுக்கும் அவர்களுக்கும் என்ன சம்பந்தம்? யாரும் கேட்டதில்லை. எல்லாரும் தலையாட்டுவார்கள்.

தொழிற்சாலையில் அவருக்குத் தக்கை என்று பேர். தகடு அழுத்துகிற பிரஸ் மெஷினை ஓட்டுகிறவர்கள் வைத்தது. வாளிக்காக வைத்தார்கள் என்று அவர் நினைத்துக்கொண்டிருக்கிறார். எந்த மேனேஜர் வந்தாலும் போனாலும் மேலேயே மிதக்கிறார் என்பதற்காகத்தான் வைத்தார்கள்.

அந்தத் தொழிற்சாலையின் சோதனை அறையில் எனக்கு வேலை. எங்கள் வீட்டில் கல்லூரிக்குப் போன முதல் ஆள் நான். வேலைக்குச் சொல்லிவிட்டவர் பெரியப்பா. அவர் ஒரு வார்த்தை சொல்லியிருக்காவிட்டால் நான் இன்னும் விண்ணப்பம் போட்டுக்கொண்டிருப்பேன். அதனால் அவரைக் கேவலமாக நினைக்கும்போதெல்லாம் எனக்குள் ஒரு குரல், நீ யார் நினைக்க என்று கேட்கும். ஆனாலும் நினைத்துக்கொண்டுதான் இருக்கிறேன்.

தகட்டைக் குறை சொல்ல நான் வரவில்லை. அது நல்ல பொருள். பால் கவரும் பாலித்தீன்தான், தொட்டியும் பாலித்தீன்தான், இதுவும் பாலித்தீன்தான். ஆனால் இதில் இழைகளை மிக நீளமாக இழுத்து, ஒரே திசையில் படுக்க வைத்து, தாள் தாளாகக் குறுக்கும் நெடுக்கும் அடுக்கி, சூட்டில் அழுத்துகிறார்கள். அழுத்தம் விடாமலே ஆற வைக்கிறார்கள். எடைக்கு எடை வைத்துப் பார்த்தால் எஃகு இதன் பக்கத்தில் நிற்க முடியாது. ரைபிள் தோட்டா வந்து மோதினால் இழைகள் வலை மாதிரி இழுபட்டு அதைப் பிடிக்கும். உள்ளே ஈயம் இருக்கிற தோட்டா மோதிய வேகத்தில் நசுங்கிக் காளான் மாதிரி விரியும். விரிந்த தோட்டா அதிக இழைகளில் சிக்கும், நின்றுபோகும். அப்படி நின்ற தோட்டாக்களை நானே தகட்டிலிருந்து தோண்டி எடுத்திருக்கிறேன்.

உள்ளே கெட்டியான எஃகு முனை இருக்கிற தோட்டாவின் கதை வேறு. அது நசுங்காது. ஊசி துணிக்குள் போகிற மாதிரி இழைகளை ஒதுக்கிக்கொண்டு போகும். எஃகிலும் மெதுவானது உண்டு, கெட்டியானது உண்டு. மெதுவான எஃகை, வேகம் குறைவாக இருந்தால், தடித்த தகடு சில சமயம் தாங்கிவிடும். கெட்டியானதும் வேகமானதும் வந்தால் தாங்காது. அதைத் தடுக்க முன்பக்கம் செராமிக் ஓடு வேண்டும். ஓடு எஃகின் மூக்கை உடைக்கும், பின்னாலிருக்கும் பாலித்தீன் சில்லுகளைப் பிடிக்கும். ஆனால் அந்தத் தகடு ஏறக்குறைய இரண்டு மடங்கு கனம். வாளியில் போட்டால் நேரே அடிக்குப் போகும். எங்கள் தொழிற்சாலையில் இரண்டு வகையும் செய்கிறார்கள். பெரியப்பா மிதக்கிறதை மட்டும் விற்றார்.

மிதக்கிற தகட்டின் பெட்டி மேல் தெளிவாகவே அச்சடித்திருக்கும்: ஈயத் தோட்டாவுக்கு மட்டும். பொய்யெல்லாம் பெரியப்பாவின் வாயில்தான் இருந்தது. "எந்த ரைபிளும் துளைக்காது" என்பார்.

பெரியப்பாவின் மகளைத்தான் அக்கா என்கிறேன்; அவள் கணவர், என் அத்தான், பணவண்டிக் காவலர். வங்கிகளுக்கும் கடைகளுக்கும் பணம் கொண்டுபோகிற வண்டியின் பின்பக்கம் துப்பாக்கியோடு உட்கார்ந்திருப்பவர். அந்த வருஷம் நெடுஞ்சாலையில் அவர்கள் வண்டி ஒன்றை வழிமறித்துச் சுட்டார்கள். சுட்டவர்கள் கையில் இருந்தவை பழைய ராணுவத் துப்பாக்கிகள். வண்டியின் கதவில் விழுந்த ஓட்டைகளுக்குள் விரல் விட்டுப் பார்த்ததாக அத்தான் சொன்னார். தோட்டா கதவைத் தாண்டி, இருக்கையைத் தாண்டி, எதிர்க் கதவில் போய் நசுங்காமலே நின்றதாம். அதில் எஃகு இருந்தது என்பதற்கு வேறு சாட்சி வேண்டாம். ஒரு காவலர் செத்துப்போனார். கம்பெனி எல்லாருக்கும் தகடு வாங்க முடிவு செய்தது. பெரியப்பா வாளியோடு போய் நின்றார்.

காவலர்களின் தலைவர் அந்தக் கதவைப் பார்த்தவர். வாளியைப் பார்த்து அவர் தலையாட்டவில்லை.

"மெதக்குறது இருக்கட்டும். அன்னிக்கு வந்தது எஃகுத் தோட்டா. இது தாங்குமா?"

பெரியப்பா சட்டைப் பையிலிருந்து ஒரு காந்தத்தை எடுத்தார். இன்னொரு பையிலிருந்து ஒரு தோட்டா. காந்தத்தைக் கிட்டே கொண்டுபோனார், டக்கென்று ஒட்டியது.

"என்ன ஒட்டுது?"

"எஃகு."

"அதே தோட்டாவத்தான் இப்ப சுடப் போறோம். நின்னா வாங்குங்க. நிக்கலேன்னா என்னைய நிக்க வச்சு சுடுங்க."

சிரிப்பு. எங்கள் சோதனைக் கூடத்திலேயே சுட்டார்கள். தகடு தாங்கியது. பின்னால் வைத்திருந்த களிமண்ணில் கைப்பிடி அளவுக்குக் குழி விழுந்திருந்தது. போட்டிருப்பவனின் விலா எலும்பு அந்தக் குழியில்தான் இருந்திருக்கும், அதற்கும் ஒரு வரம்பு உண்டு, அளக்க வேண்டும். நான் அளவுகோலோடு போவதற்குள் பெரியப்பா களிமண்ணை உள்ளங்கையால் தடவிச் சமன் செய்துவிட்டார். "லேசா தட்டுன மாதிரி இருக்கும், அவ்வளவுதான்" என்றார். அத்தான் தன் மாமனாரைப் பெருமையோடு பார்த்துக்கொண்டிருந்தார்.

எல்லாரும் போன பிறகு, சுட்டதுபோகப் பெட்டியில் மிச்சமிருந்த தோட்டாக்களில் ஒன்றை எடுத்து, மருந்தை நீக்கி, முனையைப் பிடிகருவியில் இறுக்கி நெடுக்காக அறுத்தேன். மேலே செம்பு நிறம். அதற்குக் கீழே மெல்லிய எஃகு உறை. உள்ளே முழுக்க ஈயம், வெண்ணெய் மாதிரி.

காந்தம் உறையில் ஒட்டியிருக்கிறது. பெரியப்பா அதை எஃகுத் தோட்டா என்று விற்றுவிட்டார்.

ஒருவேளை தெரிந்தே செய்கிறாரோ என்றுதான் முதலில் நினைத்தேன். அப்படி இருந்தால் ஏமாற்றுக்காரர், சரி, ஏமாற்றுக்காரருக்காவது உண்மை எது என்று தெரிந்திருக்க வேண்டும். கேன்டீனில் அவர் முன்னால் அறுத்த தோட்டாவை வைத்தபோதுதான் புரிந்தது. அவருக்குத் தெரியாது. அத்தனை வருஷமாக அந்தக் காந்தத்தை அவரே நம்பியிருக்கிறார்.

"இது என்ன, பாதி தோட்டா?"

"உள்ள பாருங்க பெரியப்பா. ஈயம். வெளியிலதான் எஃகுத் தகரம் சுத்தியிருக்கு. காந்தம் அதுலதான் ஒட்டுது."

அவர் காந்தத்தை எடுத்து வைத்துப் பார்த்தார். ஒட்டியது. முகம் மலர்ந்தது.

"ஒட்டுதே."

"ஒட்டும். உறைல ஒட்டும். எஃகு முனை இருக்குற தோட்டாலயும் ஒட்டும். ரெண்டுக்கும் வித்தியாசம் காந்தத்துக்குத் தெரியாது."

"காந்தத்துக்குத் தெரியாதது இன்ஜினியரம்மாவுக்குத் தெரியுதாக்கும்." பக்கத்து மேசையில் இருந்தவர்கள் திரும்பினார்கள். அவர் குரலை ஏற்றினார். "நேத்து வந்த பொண்ணு, எனக்கு இரும்பு எது ஈயம் எதுன்னு பாடம் எடுக்குது. நான் வித்த பிளேட்டப் போட்டுக்கிட்டு எத்தன பேர் சுத்துறான் தெரியுமா? ஒருத்தன் செத்தான்னு கேள்விப்பட்டிருக்கியா?"

"ஒருத்தரயாவது இதுவரைக்கும் சுட்டிருக்காங்களா?"

அவர் டீயைக் குடித்தார்.

"அத்தானும் போடப் போறாரு பெரியப்பா" என்றேன்.

அதற்குத்தான் டம்ளர் பாதியில் நின்றது.

நிஜமான எஃகு முனைத் தோட்டாக்கள் சோதனை அறையில் தனிப் பெட்டியில் உண்டு, செராமிக் தகடுகளுக்கானவை. மேனேஜரிடம் கேட்டு, சாதாரணத் தகடு ஒன்றை நிறுத்திச் சுட வைத்தேன். பெரியப்பா வந்து கண்ணாடிக்குப் பின்னால் நின்றார். வரச்சொன்னது நான்தான், ஆனால் வருவார் என்று எதிர்பார்க்கவில்லை. ஒரு சத்தம். தகடு அசையக்கூட இல்லை. போய்த் திருப்பிப் பார்த்தால் பின்பக்கம் இழைகள் பூ மாதிரி பிரிந்து வெளியே நின்றன. களிமண்ணில் குழி இல்லை, துளை இருந்தது. எவ்வளவு ஆழம் என்று பார்க்க நான் கம்பி தேட வேண்டியிருந்தது.

பெரியப்பா தகட்டை வாங்கி வெளிச்சத்துக்கு நேரே தூக்கிப் பிடித்தார். துளை வழியாக விளக்கு தெரிந்தது. அந்த ஒரு நிமிஷம் அவரைப் பார்க்கப் பாவமாக இருந்தது. அதைக் கெடுப்பதற்கு அவருக்கு அடுத்த நிமிஷம் போதும்.

"வெயில்ல கிடந்த பிளேட்டா இருக்கும். வண்டிக்குள்ள சூட்டுல கிடந்தா தாளெல்லாம் விட்டுப்போயிரும். நீதானே சொன்னே?"

நான் சொன்னது நிஜம். சூடு இந்தத் தகட்டுக்கு ஆகாது. நான் சொல்லிக்கொடுத்த ஒரே பாடத்தைப் பொய்க்கு முட்டுக்கொடுக்கத்தான் எடுத்து வைத்திருந்தார்.

"ஸ்டோர்லேருந்து இப்பத்தான் எடுத்தேன். கவரே பிரிக்காதது. நான் பிரிச்சத நீங்க பாத்தீங்க."

"சரி, சரி. கத்தாதே. நான் பாத்துக்கறேன்."

"எப்படிப் பாத்துப்பீங்க?"

"நான் பாத்துக்கறேன்னு சொன்னேன்ல?"

மேனேஜரிடம் போனேன். அவர் பெட்டியின் மேல் அச்சடித்திருப்பதைக் காட்டினார். "நாம சரியாத்தானே போட்டிருக்கோம். வாங்குறவங்க படிக்கணும்." பெரியப்பாவே பணவண்டிக் கம்பெனியிடம் பேசிவிடுவதாக அவரிடமும் சொல்லியிருந்தாராம். சரி, கடைசியில் ஆளுக்கு வெட்கம் வந்துவிட்டது என்று நினைத்தேன். நான் படித்தவள் என்பதற்கு அடையாளம் இப்படி எளிதாக நம்புவதுதான் போலிருக்கிறது.

காவலர்களுக்குத் தகடு கொடுத்த வாரம், ஞாயிற்றுக்கிழமை காலையில் அக்கா வீட்டுக்குப் போயிருந்தேன். முன்னறையில் தொலைக்காட்சி ஓடிக்கொண்டிருந்தது. பெரியப்பா சோபாவில் காலை மடக்கிப் போட்டு உட்கார்ந்து, மாமனார் என்கிற தகுதியில், அக்கா கொண்டுவந்து வைத்த தட்டையெல்லாம் காலி செய்துகொண்டிருந்தார். அத்தானுக்கு அன்று வேலை. சட்டைக்கு மேல் தகடு செருகிய காவல் உடையை மாட்டி, பட்டைகளை இழுத்துக்கொண்டே வந்தார்.

"மாமா, லேசு லேசுன்னீங்க. தோள் கழண்டுரும் போலிருக்கே."

"பழகணும் மாப்பிள்ளை."

"டிரைவர் அண்ணன் இதப் போட்டுக்கிட்டு ஓடிக் காட்டுறாரு. நான் படி ஏறுனாலே மூச்சு வாங்குது. வண்டில எல்லாரும் என்னையப் பாத்துச் சிரிக்கிறாங்க, கல்யாணத்துக்கப்புறம் தொப்பை போட்டுருச்சுன்னு."

அக்கா சிரித்தாள். "அது உண்மைதானே?"

நான் சிரிக்கவில்லை. பெரியப்பாவைப் பார்த்தேன். அவர் தொலைக்காட்சியைப் பார்த்தார். விளம்பரம் ஓடிக்கொண்டிருந்தது, அவ்வளவு கவனமாகப் பார்க்க அதில் ஒன்றும் இல்லை.

"அத்தான், அத கொஞ்சம் கழட்டுங்க."

"எதுக்கு?"

"கழட்டுங்களேன்."

"கிளம்புற நேரத்துல என்ன விளையாட்டு?" என்றார் பெரியப்பா. "மாப்பிள்ளை, நேரமாச்சு, கிளம்புங்க."

பெரியப்பா யாரையும் வேலைக்கு நேரத்துக்குக் கிளம்பச் சொன்னதாக அக்காவுக்கு நினைவில்லை போலும். அவளும் அப்போதுதான் திரும்பி அவரைப் பார்த்தாள். அத்தான் உடையைக் கழற்றிக் கொடுத்தார். பையின் வாயைத் திறந்து தகட்டை வெளியே இழுத்தேன். கை தாழ்ந்தது. விரல் மடக்கி முன்பக்கம் தட்டினேன். பாலித்தீன் மரப்பலகை மாதிரி மந்தமாகச் சத்தம் போடும். இது பீங்கான் மாதிரி கணீரென்றது.

"இது செராமிக்" என்றேன்.

"அப்படின்னா?"

சொன்னேன். எஃகுத் தோட்டா எதை உடைத்துக்கொண்டு போகும், எதில் நிற்கும், கண்ணாடிக்குப் பின்னால் நின்று பெரியப்பா என்ன பார்த்தார், எல்லாவற்றையும். நடுவில் பெரியப்பா இரண்டு முறை "அவ சொல்றது அப்படியில்ல" என்றார். எப்படி என்று சொல்லவில்லை.

அத்தான் நின்றுகொண்டே கேட்டார். "அப்ப எனக்கு மட்டும் இது. மத்த எல்லாருக்கும் ஓட்டை விழுறது."

"மாப்பிள்ளை, உங்களுக்காகத்தான்... கம்பெனிகிட்ட திருப்பிச் சொன்னா ஆர்டர் மொத்தமும் போயிரும். எனக்கு இந்த வயசுல யாரு வேலை தருவா? அதான், என் பொண்ணு நல்லா இருக்கணும்னு, கஷ்டப்பட்டு, யாருக்கும் தெரியாம ஒண்ணு..."

"டிரைவர் அண்ணன் யாருக்கு மாப்பிள்ளை?" என்று கேட்டார் அத்தான்.

பெரியப்பாவுக்குப் புரியவில்லை. நிஜமாகவே புரியவில்லை, முகத்தில் தெரிந்தது. அவர் என்ன சொன்னார் தெரியுமா?

"அவருக்குக் கல்யாணம் ஆயிருச்சா?"

அக்கா கையிலிருந்த தட்டை மேசையில் வைத்தாள், சத்தமாக. "அப்பா. வாய மூடுங்க." அவள் அப்பாவிடம் அப்படிப் பேசி நான் கேட்டதில்லை.

"நீ சும்மா இரும்மா. உன் தாலிக்குத்தானே..."

"என் பேரச் சொல்லாதீங்க. நான் கேட்டனா? நான் அந்தண்ணன் வீட்ல போய் என்ன மூஞ்சிய வச்சுக்கிட்டு உக்காருவேன்?"

அத்தான் தகட்டைப் பையில் போடவில்லை. கையிலேயே எடுத்துக்கொண்டார். பெரியப்பா வாசல்வரை பின்னாலேயே போனார். "மாப்பிள்ளை, நிதானமா யோசிங்க. மாப்பிள்ளை, திங்கக்கிழமை நானே போயி பேசுறேன். மாப்பிள்ளை..." படிக்கட்டில் குரல் மேலும் கீழும் போயிற்று. நான் செருப்பை மாட்டிக்கொண்டு அத்தானோடு போனேன். அறுத்த தோட்டா என் பையில் இருந்தது.

பணவண்டிகள் நிற்கிற இடத்தில் அத்தான் அதிகம் பேசவில்லை. தன் தகட்டைத் தலைவர் கையில் கொடுத்தார், டிரைவருடையதை இன்னொரு கையில் கொடுத்தார். தலைவர் இரண்டையும் ஏந்திக்கொண்டு நின்றார். "ஏன் ஒண்ணு கனமா இருக்கு?" என்றார். பிறகு நான் பேசினேன். ஈயத்தையும் உறையையும் காட்டினேன். ஒருவர்கூட என்னை இன்ஜினியரம்மா என்று கிண்டல் செய்யவில்லை. டிரைவர் மட்டும், "அன்னிக்கு என்னைய நிக்க வச்சு சுடுங்கன்னாரே, அந்தாளு இன்னிக்கு வருவாரா?" என்று கேட்டார். ஒருவர் சிரித்தார், மற்றவர்கள் சிரிக்கவில்லை.

அன்று வண்டிகள் கிளம்பவில்லை. காவலர்கள் உடையைக் கழற்றி வண்டிகளின் முன்னால் வரிசையாகத் தரையில் வைத்துவிட்டு உட்கார்ந்துவிட்டார்கள். கடைகளிலிருந்து போன் மேல் போன் வந்தது. கம்பெனியின் பெரிய ஆட்கள் ஞாயிற்றுக்கிழமைச் சட்டையோடு ஓடி வந்தார்கள். எங்கள் மேனேஜரும் வந்தார், பெட்டியைக் காட்டினார். தலைவர் அதைப் படித்துவிட்டு, "உங்க ஆளுக்குப் படிக்கத் தெரியாதா?" என்று கேட்டார். தகடுகளைத் திரும்ப எடுத்துக்கொண்டு செராமிக் கொடுப்பதாக மேனேஜர் எழுதிக் கொடுத்த பிறகுதான் காவலர்கள் எழுந்தார்கள்.

இப்போது எல்லாருக்கும் தோள் வலி. கனத்தைப் பற்றி எல்லாரும் முணுமுணுக்கிறார்கள். கீழே போட்டால் ஓடு விரிசல் விடும் என்பதால் கழற்றும்போதும் பார்த்து வைக்க வேண்டும். டிரைவர் ஓடிக் காட்டுவதில்லை.

பெரியப்பாவுக்கு வேலை போகவில்லை. போயிருந்தால் இந்தக் கதைக்கு ஒரு மரியாதை இருந்திருக்கும். ஆர்டர் பெரிதாகிவிட்டது, செராமிக்குக்கு விலை அதிகம், அதனால் மேனேஜருக்குச் சந்தோஷம். பெரியப்பா இப்போது புது இடங்களுக்குப் போய், "மத்தவன் லேசா இருக்குன்னு விப்பான். நான் உண்மையச் சொல்றேன், இது கனம். உசுரு கனமான விஷயம்ங்க" என்கிறார். எதிரே இருப்பவர்கள் தலையாட்டுகிறார்கள்.

சில சமயம் எனக்கு ஒரு சங்கடமான எண்ணம் வரும். அவர் மருமகனுக்குக்கூட அந்தத் தகட்டை மாற்றிக் கொடுக்காமல் விட்டிருந்தால், எங்களில் யாருக்கும் தெரிந்திருக்காது. அவர் பேசிவிடுவார் என்று நம்பி நான் என் வேலையைப் பார்த்துக்கொண்டிருந்திருப்பேன். அவருடைய பாசம்தான் அவரைக் காட்டிக்கொடுத்தது. அதற்காக அவரைக் கொஞ்சம் மதிக்கலாமா என்று முயன்று பார்த்தேன். முடியவில்லை. ஒரு வண்டி நிறைய ஆட்களில் ஒருவரை மட்டும் பார்க்கிற பாசத்தை எந்தப் பக்கம் திருப்பிப் பார்த்தாலும் எனக்கு அது அசிங்கமாகத்தான் தெரிகிறது.

போன மாதம் பெரியப்பா அக்கா வீட்டுக்கு வந்தபோது நானும் இருந்தேன். வழக்கம்போல வாசலிலிருந்தே "மாப்பிள்ளை!" என்று குரல் கொடுத்துக்கொண்டு வந்தார். அத்தான் எழுந்தார். நாற்காலியைத் துடைத்துப் போட்டார்.

"வாங்க சார்" என்றார். "உக்காருங்க சார்."

பெரியப்பா என்னைப் பார்த்தார், அக்காவைப் பார்த்தார். அக்கா தண்ணீர் கொண்டுவந்து வைத்துவிட்டு உள்ளே போய்விட்டாள். அவர் சட்டைக் காலரைச் சரிசெய்துகொண்டு, புது இடத்துக்கு விற்க வந்தவர் மாதிரி நாற்காலியின் நுனியில் உட்கார்ந்தார்.